இரண்டாவது படம்

"ஆஞ்சியோவா? என் பிள்ளைக்கு நெஞ்சில் ஒரு குறையும் இல்லையே, தம்பி" என்றார் அந்த அம்மா. ஆஞ்சியோ எடுக்கும் அறையான கேத் லேப்பின் வாசலில் இந்தக் கேள்வி எனக்குப் பழகியது. நம் ஊரில் ஆஞ்சியோ என்றால் இதயம்தான். 1927இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் என்ற மருத்துவர் இப்படி முதலில் படமெடுத்தது மூளையின் இரத்தக் குழாய்களை என்று வாசலில் நின்று பாடம் நடத்தவா முடியும்? "தலைக்குப் போகிற குழாயைத்தான் பார்க்கிறோம் அம்மா, வழி மட்டும் தொடையில்" என்றேன்.

பையனுக்கு வயது 22. கட்டட வேலை. சாரத்திலிருந்து சறுக்கி, தளத்தில் நீட்டிக்கொண்டிருந்த கம்பியின் மேல் விழுந்துவிட்டான். மேல் இமைக்கு அடியில் நுழைந்த கம்பி, கண்குழியின் கூரையைத் துளைத்து மூளையின் முன்பகுதிக்குள் போயிருந்தது. மேஸ்திரி யாரையும் அதைப் பிடுங்க விடவில்லை. கம்பியை வெட்டி, தலையில் இருந்ததை அப்படியே விட்டு அனுப்பிவைத்தார். கிழிந்த குழாய்க்கு அந்தக் கம்பியே அடைப்பாக நிற்கலாம். படிக்காத மனிதர் செய்த முதல் வைத்தியம் அது.

அறுவை சிகிச்சை முடிந்தது. மறுநாள் ஆஞ்சியோவில் குழாய்கள் சுத்தமாக இருந்தன. இரண்டு வாரத்தில் வார்டில் நடமாடி, வீட்டுக்குப் போகவேண்டும் என்று நச்சரிக்கத் தொடங்கினான். அப்போதுதான் டாக்டர் இன்னொரு ஆஞ்சியோ எழுதினார். ஈய அங்கியை மாட்டும்போது, வீண் வேலை என்று மனதுக்குள் முணுமுணுத்தேன்.

குழாய்களைப் படத்தில் கறுப்பாகக் காட்டும் மருந்து ஏறியது. தமனிகள் தெரிந்து மறைந்தன, சிரைகள் தெரிந்தன. எல்லாம் வெளுத்த பிறகும் ஒரு புள்ளி மட்டும் கறுப்பாக நின்றது. பட்டாணி அளவு. போன படத்தில் அது இல்லை.

இதைப் பொய் வீக்கம் என்பார்கள். குழாயின் சுவர் கிழிந்து, உறைந்த இரத்தமே சுவராகத் தாங்கி நிற்கும். அதற்குள் காயிலை, அதாவது குழாயை அடைக்கும் மெல்லிய உலோகச் சுருளை, திணித்தால் வெடிக்கலாம். ஸ்டென்ட் வைத்தால் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தரவேண்டும். புண்பட்ட மூளைக்கு அதுவும் ஆபத்து. நல்லவேளை, அது ஒரு சிறு கிளைக் குழாய். அந்தக் கிளையையே அடைத்துவிடுவது என்று டாக்டர் முடிவெடுத்தார். மயக்கம் கொடுத்து, தொடையில் போட்ட துளை வழியே நூல் போன்ற மெல்லிய கதீட்டர் குழாயை அதுவரை ஏற்றினார். தலைமுடி போலச் சுருளும் பிளாட்டினக் காயில்கள் ஒவ்வொன்றாக இறங்கின. சிறு மின்சாரம் பாய்ந்ததும் காயில், அதைத் தள்ளிக்கொண்டு வந்த மெல்லிய கம்பியிலிருந்து கழன்றுகொள்ளும். அந்த நொடியில் அறையில் யாரும் பேசுவதில்லை. மூன்றாவது காயிலோடு கறுப்புப் புள்ளி மறைந்தது.

எழுந்ததும் அவன் செய்த ஒரே புகார், காலை மடக்க விடவில்லை என்பது. அம்மா தொடைப் பிளாஸ்டரையும் கண் தழும்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு மாதம் கழித்து மறு ஆஞ்சியோவுக்கு வந்தான். சிரைகளும் மறைந்து படம் முழுக்க வெளுக்கும்வரை நான் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை.