புள்ளி மறைஞ்சா நோய் போச்சுன்னு நெனச்சேன்

போன கார்த்திகை மழையில சென்னை கொளத்தூர் வளர்ப்பு மீன் கடைங்க பக்கம் சும்மா பாக்கத்தான் போனேன், சும்மா பாக்கப் போனவன் எவன் வெறுங்கையோட வந்திருக்கான், நாலு பிளாக் மாலி கவர்ல வந்துருச்சு. ரெண்டு வாரம் தனியா வெச்சிட்டுதான் விடணும்னு நல்லாவே தெரியும், சோம்பேறித்தனம், நேரா பெரிய டேங்க்ல விட்டுட்டேன்.

மூணாம் நாள் ஒரு மாலி கல்லுல ஒடம்ப ஒரசிக்கிட்டே இருக்கு. டார்ச் அடிச்சுப் பாத்தா வால்ல ரவை தூவுன மாதிரி வெள்ளைப் புள்ளி, கருப்பு மீனுங்கறதால பளிச்சுன்னு தெரிஞ்சுது. இக்னு சொல்ற வெள்ளைப்புள்ளி நோய். அதக் கொண்டு வர்றதோட முழுப்பேரு இக்தியோப்தீரியஸ், ஒரே ஒரு செல்லு உள்ள ஒட்டுண்ணி.

மாலகைட் கிரீன் கலந்த மருந்து வாங்கி ஊத்துனேன். மூணே நாள்ல புள்ளி காணோம், தண்ணிய மாத்தி மருந்தையும் நிறுத்திட்டேன். நாலு நாள் கழிச்சுப் பாத்தா ரெண்டு வருஷமா வளக்குற ஏஞ்சல் மீன் மேலயும் புள்ளி, மூச்சு விட முடியாம மேல வந்து வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது, செவுள்லயும் ஏறியிருக்கும்.

அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். புள்ளி மறைஞ்சாலும் ஒட்டுண்ணி சாகல, தின்னு கொழுத்து தானா எறங்கிப் போயிருக்கு! அது மீன் தோலுக்கு அடியில இருக்குறதால மருந்து எட்டாது, கீழ விழுந்து கல்லு இடுக்குல கூடு கட்டி உள்ள நூத்துக்கணக்குல பிரியுமாம், அந்தக் கூட்டுக்குள்ளயும் எட்டாது. கூடு வெடிச்சு குட்டிங்க மீனத் தேடி நீந்துற ஒண்ணு ரெண்டு நாள்தான் மருந்து வேலை செய்யும். எல்லாம் ஒரே நேரத்துல வெடிக்காது, அதனால விடாம ஊத்தணும்.

ரெண்டாவது ரவுண்டுல ஹீட்டர 30 டிகிரில வெச்சேன், சூட்டுல அதோட சுத்து சீக்கிரம் முடியும். சூடான தண்ணில ஆக்சிஜன் கம்மிங்கறதால காத்துக் குமிழி விடுற ஏர் ஸ்டோன் இன்னொண்ணு. ஃபில்டர்ல இருந்த கரியையும் எடுத்தேன், மொத தடவை ஊத்துன மருந்துல பாதிய அதுதான் குடிச்சிருக்கும், முட்டாள் நான். தெனமும் ட்யூப் போட்டு கல்லுக்கு அடியில இருக்குற அழுக்க உறிஞ்சுனேன். புள்ளி மறைஞ்ச பின்னாடியும் பத்து நாள் மருந்து போச்சு. மாலி நாலும் பொழச்சுது, ஏஞ்சல் போயிருச்சு.

இப்ப பால்கனில ஒரு டப்புல புது கப்பி மீன் ஆறு தனியா நிக்குது. தண்ணி புடிச்சு வெக்கிற டப்ப எப்படா தருவேன்னு அம்மா தெனமும் கேக்குறாங்க. இன்னும் ஆறு நாள்மா.