டிக்கியில் இரண்டு கட்டு

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் நடந்தது. அப்பா ஊருக்கு ரயில் ஏறட்டும் என்று காத்திருந்து இப்போது எழுதுகிறேன். அவர் இதைப் படிக்க மாட்டார். படித்தாலும் "நான் என்னல தப்பா சொல்லிட்டேன்" என்றுதான் கேட்பார்.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாழை இலை ஒரு கட்டு, துண்டு போட்ட கரும்பு ஒரு கட்டு, மஞ்சள் கொத்து, தேங்காய் எல்லாம் வாங்கிக்கொண்டு மயூர் விஹாருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கருங்கரும்பு இல்லை, பச்சைதான் கிடைத்தது, அந்த வருத்தத்தில் அப்பா பாரபுல்லா மேம்பாலம் முழுக்கப் புலம்பிக்கொண்டே வந்தார். நிஜாமுதீன் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், பனியில் ஒன்றுமே தெரியாத இடத்தில், திடீரென்று மஞ்சள் தடுப்புகள். ஜனவரி 26 நெருங்கினால் டெல்லியில் இது வழக்கம்தான், வளைத்து வளைத்து வைத்திருப்பார்கள், பத்து வண்டியில் ஒன்றை ஓரங்கட்டச் சொல்வார்கள். அன்றைக்கு நம்முடைய வண்டி.

எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்ற கேள்விகள் முடிந்தன. அப்புறம் அந்த இளம் போலீஸ்காரர் டார்ச்சை அப்பா பக்கம் திருப்பி, பாதி விளையாட்டாக, "கோயி கட்டா வட்டா தோ நஹீன் ஹை?" என்றார்.

அப்பாவுக்கு இந்தி தெரியாது. ஆனால் 'கட்டா' தெரியும். நம்மிடம் கட்டு இருக்கிறது, இவர் கட்டா என்று கேட்கிறார், பாவம், பொங்கல் நேரத்தில் வழியில் நிற்கிறார், விசாரிக்கிறார். மூன்று மாதமாக டெல்லியில் கற்றுக்கொண்ட மொத்த இந்தியையும் திரட்டி, முகமெல்லாம் சிரிப்பாக, "ஹை ஹை! தோ கட்டா ஹை! டிக்கி!" என்றார். இரண்டு விரலையும் காட்டினார்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வடக்கே கட்டா என்றால் நாட்டுத் துப்பாக்கி, 'கட்டா கிட்டா ஏதும் இல்லையே' என்றுதான் அவர் கேட்டிருக்கிறார். குழாயை வெட்டிப் பட்டறையில் செய்வது, ஒரு தடவைக்கு ஒரு தோட்டா. உத்தரப் பிரதேசம், பீகார் பக்கச் செய்திகளில் தினமும் அடிபடும் சொல். அப்பா இரண்டு கட்டா டிக்கியில் வைத்திருப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார், அதுவும் சந்தோஷமாக.

அடுத்த தப்பு என்னுடையது. அப்பாவுடையதைவிடப் பெரிய தப்பு. பதற்றத்தில், பேப்பரைக் காட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்து, குனிந்து அப்பாவின் முட்டிக்கு முன்னால் இருக்கும் டேஷ்போர்டு அறையைத் திறக்கப் போனேன். ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் அதற்குள்தான். கை அங்கே போய்ச் சேரவில்லை. "ஹாத்! ஹாத் பாஹர்!" என்று ஒரு சத்தம். அந்தச் சிரிப்பு எல்லாம் போய்விட்டிருந்தது. இன்னொரு பக்கத்தில் இருந்தவர் இரண்டடி பின்வாங்கி இடுப்பில் கை வைத்திருந்தார். கண்ணாடியை முழுக்க இறக்கி இரண்டு கையையும் வெளியே நீட்டினேன். அப்பா என்னைப் பார்த்து அவரும் நீட்டினார். "என்னல கேக்கான்?" என்றார். "சும்மா இருங்கப்பா" என்றேன். ஜனவரிக் குளிரில் கை நடுங்கியது, குளிர் மட்டும் காரணமில்லை.

இறங்கச் சொன்னார்கள், இறங்கினோம். டிக்கியை அவர்களே திறந்தார்கள். லத்தியால் இலைக்கட்டைக் குத்திப் பார்த்தார்கள், கரும்பைப் புரட்டினார்கள். நான் மெதுவாக, தமிழில் கட்டு என்றால் என்ன என்று என் இந்தியில் விளக்கினேன். மூத்தவராக இருந்த ஒருவர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் மற்றவர்களும். அவர்கள் மேல் எனக்குக் குறையே இல்லை. கேள்விக்கு 'இருக்கிறது' என்ற பதிலைக் கேட்டபின் அவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கை டேஷ்போர்டுக்குப் போன அரை நொடிதான் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது.

மறுநாள் எங்கள் பிளாக்கில் கீழ்த்தளத்தில் இருக்கும் சுபேதார் அண்ணனிடம் போனேன். வேலூர்ப் பக்கத்துக்காரர். வேலூரைச் சுற்றி வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார் என்பார்களே, அந்த ஊர்களில் ஒன்று. ஓய்வுக்குப் பிறகு ஏ.டி.எம்.முக்குப் பணம் கொண்டுபோகும் வண்டியில் காவலுக்குப் போகிறார். சொந்தமாக ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி, 'பன்னிரண்டு போர்' என்கிற குழல் அளவில், லைசென்ஸோடு. கதையைக் கேட்டார், அப்பாவுக்காகக் கொஞ்சம் சிரித்தார், அப்புறம் தன்னுடைய கதையைச் சொன்னார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ராத்திரி டூட்டி முடிந்து ஆட்டோவில் வருகிறார். தோளில் கவருக்குள் துப்பாக்கி. நிறுத்துகிறார்கள். லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இருக்கிறது. எங்கே? அந்தத் துப்பாக்கிக் கவரின் பக்கவாட்டு ஜிப்புக்குள். "எடுத்துக் காட்டறேன்னு ஜிப்பு மேல கை வச்சேன் தம்பி. மணிக்கட்ட ஒருத்தன் புடிச்சான் பாரு, மூணு நாள் வலி. அவன் மேல தப்பில்ல. நானா இருந்தாலும் அதான் பண்ணியிருப்பேன்." பேப்பரைக் காட்ட வேண்டுமென்றால் துப்பாக்கி இருக்கும் பையைத் திறக்க வேண்டும். இருபத்திரண்டு வருடம் பட்டாளத்தில் இருந்தவருக்கே அது அந்த நிமிடம் வரை தோன்றவில்லை.

இப்போது லைசென்ஸ் புத்தகம் பிளாஸ்டிக் உறையில் சட்டையின் மேல் பாக்கெட்டில் இருக்கிறது. எடுத்துக் காட்டினார், வியர்வையில் ஓரமெல்லாம் உப்பிப்போயிருந்தது. யாராவது நிறுத்தினால் முதலில் இரண்டு கையும் தெரிகிற மாதிரி நிற்கிறார், என்னிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிறது, கவருக்குள் இருக்கிறது, தோட்டா தனியாக இருக்கிறது, லைசென்ஸ் சட்டைப் பாக்கெட்டில், எடுக்கட்டுமா என்று கேட்கிறார். சரி என்ற பிறகுதான் கை நகரும். "அவங்களே எடுத்துக்கறேன்னா இன்னும் நல்லது."

அவர் ஒன்று சொன்னார், எனக்குப் புதிது. லைசென்ஸில் எந்த எல்லை வரை செல்லும் என்று ஒரு இடம் உண்டாம். மயூர் விஹாரிலிருந்து பொடிநடையாகப் போனால் நொய்டா, அது உத்தரப் பிரதேசம். டெல்லிக்கு மட்டும் செல்லும் லைசென்ஸை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினால் கதை வேறு. தேர்தல் அறிவித்துவிட்டால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லிக் கடிதம் வரும், அதையும் ரசீதோடு பத்திரமாக வைத்திருக்கிறார்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் ஆயுதச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். 1959இல் வந்தது. எனக்கு வேண்டியது 19ஆம் பிரிவில் இருந்தது. ஆயுதம் வைத்திருப்பவரிடம் லைசென்ஸைக் காட்டச் சொல்ல எந்தப் போலீஸ் அதிகாரிக்கும் உரிமை உண்டு. காட்டாவிட்டால் பெயர், முகவரி கேட்கலாம், ஆயுதத்தை எடுத்துவைக்கலாம். பெயரைச் சொல்ல மறுத்தாலோ பொய்ப் பெயர் சொன்னாலோ வாரண்ட் இல்லாமலே கைது. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 வருடம், 5 வருடம் வரை போகலாம். அப்பா அவ்வளவு உற்சாகமாக ஒப்புக்கொண்டது இதைத்தான்.

எங்கள் பிளாக் வாட்ஸப் குழுவில் ஒருவர், இப்படிக் கேட்டால் பதிலே சொல்லக் கூடாது, முதலில் வாரண்ட் எங்கே என்று கேட்க வேண்டும் என்று நீளமாக எழுதினார். ஏ.சி. அறையில் உட்கார்ந்து எழுத நன்றாக இருக்கும். ராத்திரி எட்டரை மணிக்கு, பனியில், ஆயுதம் இருக்கிறதா என்று கேட்பவரிடம் சட்டம் பேசினால், இல்லாத சந்தேகத்தை நாமே கையில் கொடுக்கிறோம். இல்லை என்றால் 'நஹீன் ஜி', அவ்வளவுதான். கிண்டல் வேண்டாம், 'பீரங்கி இருக்கு' மாதிரி ஜோக் வேண்டவே வேண்டாம். ஆனால் நிஜமாகவே ஏதாவது அகப்பட்டுவிட்டது, யாரோ வைத்த பையில் எதுவோ இருந்துவிட்டது என்றால் அது வேறு. அங்கே நின்று கதை சொல்ல ஆரம்பிக்கக் கூடாது. பெயரும் முகவரியும் சரியாகச் சொல்லிவிட்டு, வக்கீலைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, படிக்காத எதிலும் கையெழுத்துப் போடாமல் இருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, பறிமுதல் செய்வதைச் செல்போனிலாவது படம்பிடிக்க வேண்டும். அதை மரியாதையாக ஞாபகப்படுத்தலாம்.

துப்பாக்கியோடு விஷயம் முடிவதுமில்லை. ஏர்கன் பற்றிப் பலருக்குத் தப்பான நினைப்பு இருக்கிறது. குழல் விட்டம் 0.177 அங்குலம், குழலை விட்டு வெளியேறும் குண்டின் ஆற்றல் 20 ஜூல், இவற்றைத் தாண்டாதவரைக்கும்தான் லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் டார்ச் வெளிச்சத்தில் பார்க்கிறவருக்கு ஜூல் தெரியாது, துப்பாக்கிதான் தெரியும். என் பையனுடைய தீபாவளி பொட்டுத் துப்பாக்கி மூன்று மாதமாகப் பின்சீட்டுக்கு அடியில் கிடந்தது, அதை அன்றைக்கே வீட்டுக்குள் கொண்டுபோனேன். கத்தி என்றால் அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினால் கணக்கில் வரும், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் செய்தவை தவிர. கரும்பு வெட்ட ஒரு அருவாள் எடுத்துக்கொண்டு போகலாம் என்று அப்பா அன்று சாயங்காலம் சொன்னார். கடைக்காரனே வெட்டித் தருவான் என்று தடுத்தேன். நினைத்துப் பாருங்கள், திருநெல்வேலிக்காரர், 'தோ கட்டா ஹை', மேலே ஒரு அருவாள். விவசாயக் கருவி என்ற விதிவிலக்கை நான் நிதானமாக விளக்க ஒரு இடம் கிடைத்திருக்கும், ஆனால் அது வண்டிக்கு வெளியே இருந்திருக்காது, ஸ்டேஷனுக்கு உள்ளே இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை டல்லஸிலிருந்து மச்சான் பேசினான். அவனுக்கும் சொன்னேன். சிரிப்பான் என்று பார்த்தால் சிரிக்கவில்லை. அங்கே துப்பாக்கி வைத்திருப்பது சாதாரணம், 2021 செப்டம்பரிலிருந்து டெக்சஸில் பெரும்பாலானவர்களுக்குக் கைத்துப்பாக்கி எடுத்துப்போக லைசென்ஸே வேண்டாம். அவனுடைய ஆபீஸ் நண்பர் துப்பாக்கியையும் கார் இன்சூரன்ஸ் பேப்பரையும் ஒரே டேஷ்போர்டு அறையில் வைத்திருந்தாராம். போலீஸ் பேப்பர் கேட்கும் வரை அவருக்கு உறைக்கவில்லை. கை நீட்டாமல் முதலில் வாயால் சொன்னதால் தப்பித்தார். சொல்லியும் தப்பிக்காதவர்கள் உண்டு. 2016 ஜூலையில் மினசோட்டாவில் ஃபிலாண்டோ கேஸ்டில் என்பவர், அனுமதி வைத்திருந்தவர், என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று தானே போலீஸிடம் சொன்னார். அடுத்த சில நொடிகளில் சுடப்பட்டார். காரில் அவருடைய தோழியும் அந்தத் தோழியின் நான்கு வயதுக் குழந்தையும் இருந்தார்கள். சுட்டவர் மறுவருடம் விடுதலையானார். "இங்க எல்லாரும் ஸ்டியரிங் மேல கைய வச்சுக்கிட்டு, உள்ள லைட்டப் போட்டுட்டு உக்காந்திருப்போம் மாமா. நம்ம மாதிரி ஆளுங்க கொஞ்சம் கூடவே" என்றான்.

வேலூர்க்காரரின் ஜிப்பும், டல்லஸ் நண்பரின் டேஷ்போர்டும், என்னுடைய டேஷ்போர்டும் ஒரே கோளாறுதான் என்று போனை வைத்தபிறகுதான் உறைத்தது. இப்போது என் ஆர்.சி.யும் ஓட்டுநர் லைசென்ஸும் அரசாங்கத்தின் டிஜிலாக்கர் செயலியில், போன் கண்ணாடிக்குக் கீழே ஸ்டாண்டில், எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில். இன்சூரன்ஸ் நகல் கண்ணாடி மறைப்பில் செருகியிருக்கிறது. நிறுத்தினால் உள்விளக்கு, கண்ணாடி இறக்கம், கை ஸ்டியரிங்கில். அப்பாவுக்கும் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்தேன். அவரை ஸ்டேஷனில் விடப் போகும்போது அதே பாலத்துக்குப் பக்கத்தில் மறுபடி நிறுத்தினார்கள். கேள்வி வருவதற்கு முன்னாலேயே இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி "நஹி ஜி நஹி ஜி" என்றார். அவர்களுக்கு அது இன்னும் சந்தேகமாகப் போய், மறுபடி டிக்கி.

பொங்கல் அன்று இலை போட்டபோது பாதி இலைகள் நடுவில் கிழிந்திருந்தன, லத்தி குத்திய இடம். முழு இலைகளை வந்தவர்களுக்கெல்லாம் போட்டுவிட்டு, இருந்ததிலேயே மோசமாகக் கிழிந்த ஒன்றை எடுத்து அப்பா முன்னால் அம்மா விரித்தார். சாம்பார் ஓட்டை வழியாகத் தரைக்கு ஓடியது. அப்பா ஒன்றும் சொல்லாமல் சோற்றை அணை மாதிரி கட்டிச் சாப்பிட்டு முடித்தார்.