ஊருக்கு நடந்தே போகிறேன்: என் ஸ்வீடிஷ் தேர்வு அனுபவம்

எஸ்.எஃப்.ஐ. 'டி' நிலையின் பேச்சுத் தேர்வு. வெளிநாட்டிலிருந்து குடிவந்தவர்களுக்காக ஸ்வீடன் நகராட்சிகள் இலவசமாக நடத்தும் மொழி வகுப்புதான் எஸ்.எஃப்.ஐ. ஏ முதல் டி வரை நான்கு நிலைகள். பேச்சுப் பகுதியில் இரண்டு பேரை ஜோடியாக உட்கார வைத்தார்கள். எனக்கு ஜோடியாக வந்தவர் ஒரு சிரியாக்கார அம்மா. கோடை விடுமுறைக்கு என்ன திட்டம் என்று கேட்டார். "யாக் கோர் டில் இண்டியென்" என்றேன். இந்தியாவுக்குப் போகிறேன் என்று சொன்னதாக என் நினைப்பு. "போய்ச் சேர எத்தனை மாதம் ஆகும்?" என்று கேட்டார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

ஸ்வீடிஷில் 'கோ' என்றால் காலால் நடந்து போவது. பஸ், ரயில் என்று எதிலாவது ஏறிப் போனால் 'ஓக்கா'. நானோ ஆங்கிலத்து 'கோ'வை மனதில் வைத்திருந்தேன். ஒலியும் ஒத்துப்போகிறதே என்று வேறு நம்பிக்கை.

பேச்சில் எப்படியோ தப்பித்தேன். எழுத்துப் பகுதியில் கோட்டை விட்டேன். எங்கெங்கே சறுக்கினேன் என்று ஆசிரியை சொன்னதை வீட்டுக்கு வந்து அலசினேன். பாதிக்கு மேல் ஆங்கிலம் வழியாக யோசித்ததால் வந்த வினை. அதன் பிறகு தமிழையும் ஸ்வீடிஷையும் நேருக்கு நேர் வைத்துப் படித்தேன். சில இடங்கள் சட்டென்று திறந்தன. சில இடங்களில் தமிழே காலை வாரியது. இரண்டையும் சொல்கிறேன்.

உறவு முறையில் நமக்குச் சிரமமே இல்லை. அம்மாவின் அம்மா மூர்மூர், அப்பாவின் அம்மா ஃபார்மூர். அத்தை ஃபாஸ்டெர், தாய்மாமா மூர்ப்ரூர். சித்திக்கும் பெரியம்மாவுக்கும் சேர்த்து ஒரே மூஸ்டெர். ஆங்கிலத்து 'ஆன்ட்டி'யை நினைத்துக்கொண்டு படித்தால்தான் குழப்பம். அதே மாதிரி 'ஹெம்மா' என்றால் வீட்டில், 'ஹெம்' என்றால் வீட்டுக்கு. நம் வேற்றுமை உருபைப் போட்டுப் பார்த்தால் போதும்.

பெரிய பரிசு 'ஸின்'. "ஹான் எல்ஸ்கார் ஸின் ஃப்ரூ" என்றால் அவன் தன் மனைவியை நேசிக்கிறான். "ஹான்ஸ் ஃப்ரூ" என்று மாற்றிவிட்டால் அது வேறு யாரோ ஒருவனின் மனைவி, கதை கோர்ட்டுக்குப் போய்விடும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'ஹிஸ்'. நமக்கோ 'தன்' இருக்கிறது. தன் வருகிற இடத்தில் ஸின் போடு என்று நோட்டில் பெரிதாக எழுதி வைத்துக்கொண்டேன். பின்னால் வருவது எந்த வகைச் சொல் என்பதைப் பார்த்து அது ஸிட், ஸீனா என்றும் உருமாறும். அதைப் பழகிக்கொள்ளலாம்.

ஆனால் அந்த விதி ஓரிடத்தில் உடைகிறது. நான் விழுந்ததும் அங்கேதான். "தன் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னான்" என்பதில் நாம் தாராளமாகத் 'தன்' போடுகிறோம். ஸ்வீடிஷில் அந்த உள்வாக்கியத்துக்கு மனைவிதான் எழுவாய். ஸின் எழுவாய்க்குள் நுழையாது. அதனால் சொந்த மனைவியே ஆனாலும் "ஹான்ஸ் ஃப்ரூ"தான். "அவனும் அவன் மனைவியும் வந்தார்கள்" என்பதிலும் அப்படியே, ஹான்ஸ்தான். நான் எழுதிய கட்டுரையில் அண்ணன் குடும்பத்தைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அதில் எத்தனை ஸின் தப்பாகப் போயிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

ஆங்கிலத்தின் 'திங்க்' ஸ்வீடிஷில் மூன்றாகப் பிரியும். படத்தைப் பார்த்துவிட்டு நன்றாக இருந்தது என்று அபிப்பிராயம் சொன்னால் ட்யூக்கெர். பார்க்காமலே நன்றாக இருக்கும் என்று நம்பினால் ட்ரூர். கார் வாங்கலாம் என்று இருக்கிறேன் என்பதற்கு டெங்கெர். எழுத்துத் தேர்வில் கருத்துக் கேட்டால் ட்யூக்கெர்தான் உங்கள் சொல். அங்கே ட்ரூர் போட்டால் விஷயம் தெரியாமல் குத்துமதிப்பாகச் சொல்கிற மாதிரி ஆகிவிடும்.

பொருள்கள் இருக்கும் விதத்துக்கும் தனித்தனி வினை உண்டு. மேசை மேல் புத்தகம் படுத்திருக்கிறது, தட்டு நிற்கிறது, பூட்டில் சாவி உட்கார்ந்திருக்கிறது. ஊர்களும் படுத்துத்தான் இருக்கும். நான் இருக்கும் மால்மோ ஸ்கோனெ மாகாணத்தில் 'லிகெர்'. 'கிடக்கிறது' என்று மனதுக்குள் தமிழாக்கி வைத்துக்கொண்டேன், மால்மோக்காரர்கள் மன்னிக்கவும்.

சொல் வரிசையில் தமிழ் கொஞ்சமும் உதவாது. நாம் வினையைக் கடைசியில் வைத்துப் பழகியவர்கள். அவர்களுக்குத் தலைமை வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் நின்றாக வேண்டும். வாக்கியத்தை 'இன்று' என்று தொடங்கினால் அடுத்தது 'சாப்பிடுகிறேன்', அப்புறம்தான் 'நான்'. இடாக் ஏட்டெர் யாக் ரீஸ். அடுத்த சிக்கல் 'இன்டெ', 'இல்லை' என்று பொருள். தலைமை வாக்கியத்தில் அது வினைக்குப் பின்னால் வரும்: ஹான் கொம்மெர் இன்டெ, அவன் வரவில்லை. கிளை வாக்கியத்தில் முன்னால் தாவிவிடும்: யாக் வேட் அட் ஹான் இன்டெ கொம்மெர், அவன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். இதற்குப் பள்ளிகளில் 'பிஃப் விதி' என்று பெயர். கிளை வாக்கியத்தில் இன்டெ வினைக்கு முன்னால் வரும் என்கிற ஸ்வீடிஷ் வாக்கியத்தின் முக்கியச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'பிஃப்', அதாவது மாட்டிறைச்சித் துண்டு. சைவமான எனக்கே மறக்கவில்லை. தெருவில் ஸ்வீடன்காரர்களே இதை மீறிப் பேசுவது காதில் விழும். அதைப் பார்த்துத் தேர்வில் நீங்களும் மீறாதீர்கள்.

கேட்டல் பகுதியில் கடிகாரத்தைக் கவனியுங்கள். 'ஹால்வ் ட்ரே' என்பதில் மூன்றும் அரையும் காதில் விழுவதால் மூன்றரை என்று எழுதத் தோன்றும். அது இரண்டரை. 'ஃபெம் இ ஹால்வ் ட்ரே' என்றால் இரண்டரைக்கு ஐந்து நிமிடம் முன்பு, 2.25. காதைப் பழக்க ஸ்வீடன் வானொலியின் 'க்ளார்டெக்ஸ்ட்' நன்றாக உதவியது, எளிய மொழியில் மெதுவாகச் செய்தி வாசிப்பார்கள். படிக்க 'ஓட்டா ஸீடூர்' என்கிற எளிய மொழிச் செய்தித்தாள். மால்மோவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: பாலம் தாண்டினால் டென்மார்க், அங்கே பார்க்கும் பலகைகளை வைத்து ஸ்வீடிஷ் படிக்க வேண்டாம். ஸ்வீடிஷில் 'ஃப்ரூகோஸ்ட்' காலை உணவு, டேனிஷில் 'ஃப்ரோகோஸ்ட்' மதிய உணவு. ஸ்வீடிஷில் 'ரூலிக்' என்றால் வேடிக்கையானது, டேனிஷில் அதே எழுத்துகளுக்கு அமைதியானது என்று பொருள்.

மரியாதை விஷயத்திலும் தமிழை ஓரமாக வைக்க வேண்டியிருந்தது. வயதில் மூத்த ஆசிரியையை 'டியூ', அதாவது நீ என்று கூப்பிட எனக்கு வாயே வரவில்லை. 1967இல் ப்ரூர் ரெக்ஸெட் என்பவர் அரசு மருத்துவ வாரியத்தின் தலைவராக வந்தபோது, ஊழியர்கள் எல்லோரையும் டியூ என்றே அழைக்கப்போவதாக அறிவித்தார். அந்தக் காலத்தில் நாடு முழுக்கப் பரவிய பழக்கம் அது. நீங்கள் என்று எண்ணி ஒருவரை 'நீ' என்று கூப்பிட்டால், ஆமாம், ஸ்வீடிஷில் பன்மைக்கு 'நீ'தான், விலகி நிற்பது போல இருக்கும்.

இரண்டாம் முறை எழுதும்போது கடைசிப் பத்து நிமிடத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு மூன்றை மட்டும் சரிபார்த்தேன்: இரண்டாம் இடத்தில் வினை, கிளை வாக்கியத்தில் இன்டெ, ஸின்னா ஹான்ஸா. ஸ்வீடிஷ் பெயர்ச்சொற்களில் 'என்', 'எட்' என்று இரண்டு வகை. எது என்று சந்தேகம் வந்த இடத்தில் எல்லாம் 'என்' போட்டேன். ஏறக்குறைய நான்கில் மூன்று சொற்கள் அந்த வகைதான், பந்தயம் கட்டலாம். தேறிவிட்டேன். ஆனால் வகுப்பில் முதல் வாரமே படித்த 'பூர்ட்', மேசை, அது எட் வகை. அதற்கும் 'என்' போட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்பது படி இறங்கும்போதுதான் உறைத்தது.