டிஸ்ப்ரோசியம் இல்லாத காந்தத்துக்கு மாறியபோது பட்ட பாடு

2025 ஏப்ரல் 4 அன்று டிஸ்ப்ரோசியம், டெர்பியம் உள்ளிட்ட ஏழு அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்குச் சீனா உரிமத்தைக் கட்டாயமாக்கியதும், எங்கள் மோட்டார்களுக்கு வந்துகொண்டிருந்த, 150 டிகிரி செல்சியஸ் சூட்டையும் தாங்கும் எஸ்.ஹெச். தர நியோடிமியக் காந்தங்கள் அடியோடு நின்றுபோயின. சூட்டில் காந்தம் வலுவிழக்காமல் காப்பது அதில் கலக்கும் டிஸ்ப்ரோசியம்தான். காந்தம் யாருக்கு, எதற்கு என்று உறுதிசொல்லும் இறுதிப் பயனர் சான்றிதழுக்கு அலைந்த கதை இத்துறையினருக்குப் புதிதல்ல. எங்கள் கோப்பு முத்திரை மங்கலாக இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டது.

மாற்றுக் கலவை தேடியதுதான் பெரும்பாடு. ஒரு விற்பனையாளர் காடோலினியம் சேர்த்துத் தருவதாக ஆர்வத்தோடு எழுதினார். அதே ஏப்ரல் பட்டியலில் காடோலினியமும் இருப்பதை வாங்குகிற நாங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. இன்னொருவர், டிஸ்ப்ரோசியம், டெர்பியம் போன்ற கன அருமண் துளியும் இல்லை, தரம் அதே எஸ்.ஹெச். என்று உறுதியளித்து மாதிரிகளை அனுப்பினார். விலையும் சந்தேகப்படும் அளவுக்குக் குறைவு. உடன் வந்த அறிக்கையில் 20 டிகிரி அளவுகள் மட்டுமே இருந்தன. எதிர்க் காந்தப்புலத்தைக் காந்தம் எவ்வளவு தாங்கும் என்று காட்டும் காந்தநீக்க வளைவரையை 150 டிகிரிக்குக் கேட்டால் பதிலே இல்லை.

மோட்டாரை 150 டிகிரி வரை சூடேற்றி, உச்ச மின்னோட்டத்தில் ஓட்டி, ஆறவிட்டு அளந்தபோது, சுழலும்போது காந்தங்களால் சுருள்களில் எழும் மின்னழுத்தமான பேக் ஈ.எம்.எஃப். கண்கூடாகக் குறைந்திருந்தது. காந்தங்களைக் கழற்றி, காந்தப்புலத்தை அளக்கும் காஸ்மீட்டர் முனையை மெல்ல நகர்த்திப் பார்த்தால், நடுப்பகுதி அப்படியே இருக்க, மோட்டாரின் சுழலாத பகுதியான ஸ்டேட்டரை நோக்கிய மூலைகள் மட்டும் வலுவிழந்திருந்தன. வேதிப் பகுப்பாய்வில் குட்டு வெளிப்பட்டது: நியோடிமியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாக, மலிவான அருமண்ணான செரியம். நியோடிமியக் கலவையின் கியூரி வெப்பநிலை, அதாவது காந்தத்தன்மை அற்றுப்போகும் வெப்பநிலை, ஏறத்தாழ 312 டிகிரி. முழுக்கச் செரியமாக இருந்தால் 151 டிகிரிதான். காந்தநீக்கத்தைத் தாங்கும் திறனும் அதற்கேற்பவே சரியும்.

செரியத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. 2018-இல் டொயோட்டா அறிவித்த காந்தத்தில் லாந்தனமும் செரியமும் 1:3 விகிதத்தில் இருந்தன. ஆனால் அங்கே படிகத் துகள்களை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே நுணுக்கி, நியோடிமியத்தை அவற்றின் மேற்பரப்பில் செறியவைத்திருந்தார்கள். அந்த உழைப்பில்லாமல் மலிவுக்காக மட்டும் கலப்பதுதான் வினை. ஆகவே, கொள்முதல் ஆணையிலேயே செரியம், லாந்தனம் ஆகியவற்றின் உச்சவரம்பை எழுதுங்கள். இயங்கும் வெப்பநிலையில் எடுத்த காந்தநீக்க வளைவரை வராமல் பணம் விடுவிக்காதீர்கள்.

முடிவில், டிஸ்ப்ரோசியம் இல்லாமல் படிகத் துகள்களை நுணுக்கிச் செய்த நுண்துகள் வகைக் காந்தத்தைச் சற்றுத் தடிமனாக்கிப் பயன்படுத்தினோம். சுழலும் பகுதியான ரோட்டாரின் தகட்டில் காந்தம் செருகும் துளை மாறியதால், தகடு வெட்டப் புதிய டை (வெட்டு அச்சு) செய்ய வேண்டியதாயிற்று. கணக்குப் பிரிவு இன்றும் முணுமுணுக்கிறது; ஆனாலும் சூட்டுச் சோதனையில் மோட்டார் தேறிவிட்டது. இப்போது டிஸ்ப்ரோசியத்துக்குப் பதிலாக இன்னொரு கன அருமண்ணான ஹோல்மியத்தை விற்பனையாளர்கள் பரிந்துரைக்கிறார்கள். 2025 அக்டோபர் 9 அன்று சீனா வெளியிட்ட அறிவிப்பில் அதுவும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறியது; அந்த அறிவிப்பை 2025 நவம்பரில் ஓராண்டுக்கு நிறுத்திவைத்தார்கள் என்றாலும், அந்த நிறுத்தத்தை நம்பி இன்னொரு டை வெட்ட நான் கையெழுத்திட மாட்டேன்.