லக்சரில் இரண்டு நாள்: அத்தையின் தூணும் மருமகனின் சுவரும்

நேற்று இரவுதான் எகிப்தின் லக்சர் நகரிலிருந்து கெய்ரோ திரும்பினோம். அந்த டாக்சிக்காரர் மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. போகிறவர்களுக்கு உதவும் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நைலின் மேற்குக் கரைக்குப் போக உள்ளூர் மக்கள் ஏறும் படகே போதும், கட்டணம் மிகக் குறைவு. கரையில் இறங்கியதும் டாக்சி பேசினோம். அரசர்களின் பள்ளத்தாக்கு, ஹட்செப்சுட் கோயில், காத்திருக்கும் நேரம், எல்லாம் சேர்த்து 600 பவுண்டு. மாலையில் திரும்பி வந்து இறங்கும்போது “600 ஒரு ஆளுக்கு” என்றார். அரை மணி நேரம் வாக்குவாதம். அக்கா கடைசிவரை இறங்கி வரவில்லை. டீக்கடைக்காரர் ஒருவர் நடுவில் வந்து 800க்கு முடித்து வைத்தார். போன 200 பவுண்டு எங்கள் இரண்டு வேளைச் சாப்பாடு. எத்தனை பேர், எத்தனை இடம், மொத்தம் எவ்வளவு என்று ஃபோனில் எழுதிக் காட்டி, தலையாட்டிய பிறகே வண்டியில் ஏறுங்கள். சீட்டுக் கவுண்டர்களில் ரொக்கம் வாங்கவில்லை, கார்டுதான். அதையும் மறக்க வேண்டாம்.

அடுத்து ஹோட்டல், ரயில் என்று வரிசையாக எழுதத்தான் நினைத்தேன். ஆனால் பழைய எகிப்தை ஆண்ட அரசி ஹட்செப்சுட் பற்றிச் சொல்லாமல் கை நகர மாட்டேன் என்கிறது.

கி.மு. 1479 வாக்கில் அவரது கணவர், அரசர் இரண்டாம் துட்மோஸ் இறந்தபோது, வாரிசான மூன்றாம் துட்மோஸ் சின்னப் பையன். ஹட்செப்சுட்டுக்கு அவன் சக்களத்தி மகன். கணவரே தன் தந்தைக்கு வேறொரு மனைவி மூலம் பிறந்த சகோதரர் என்பதால் மருமகன் முறையும் ஆகிறது. அவன் சார்பில் ஆளத் தொடங்கியவர், சில ஆண்டுகளில் தாமே அரசராக முடிசூடிக்கொண்டார். சிலைகளில் அரசருக்குரிய ஒட்டுத்தாடியோடு நிற்கிறார். டெய்ர் எல் பஹ்ரியில் செங்குத்து மலைச்சுவரின் அடியில் மூன்று அடுக்காக விரியும் அவரது கோயிலைப் பார்த்ததும் அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள். இரண்டாம் அடுக்கில் எகிப்தியர் வாசனைப் பொருள் வாங்கப் போன புந்த் நாட்டுக்கான கப்பல்கள் செதுக்கியிருக்கின்றன. வாசனைப் பிசின் தரும் வெள்ளைப்போள மரங்களை வேரோடு கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கப்பலுக்கு அடியில் நீந்தும் மீன்களைக்கூட விடவில்லை!

அதே சுவர்களில் பல இடங்களில் அவர் உருவம் மட்டும் உளியால் கொத்தி எடுக்கப்பட்டிருக்கிறது. சுற்றிலும் எல்லோரும் இருக்க, நடுவில் ஆள் வடிவத்தில் ஒரு பள்ளம். மருமகனின் பழிவாங்கல் என்று வழிகாட்டிகள் கதை சொல்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. அவர் இறந்து சுமார் 20 ஆண்டுகள் கழித்துத்தான் இந்த அழிப்பு நடந்திருக்கிறது. பழி என்றால் அவ்வளவு காலம் எதற்குக் காத்திருக்க வேண்டும்? தன் மகனுக்கு அரியணையை உறுதி செய்யவே அப்படிச் செய்தார் என்று சொல்லும் ஆய்வாளர்கள் பக்கம்தான் நான்.

அரசர்களின் பள்ளத்தாக்கில் பொதுச் சீட்டுக்கு மூன்று கல்லறைகள். துட்டன்காமுனுக்குத் தனிச் சீட்டு. அதை விட்டுவிட்டு மூன்றாம் துட்மோஸின் கல்லறைக்கு ஏறினோம், இந்தப் பயணத்தில் நாங்கள் எடுத்த சிறந்த முடிவு அது. பாறைப் பிளவில் இரும்புப் படி ஏறி, மறுபடி உள்ளே செங்குத்தாக இறங்க வேண்டும். உள்ளே வேர்த்துக் கொட்டுகிறது. ஆனால் அந்த நீள்வட்ட அறை! பாப்பிரஸ் என்ற நாணல் தாள் சுருளை விரித்துச் சுவரில் ஒட்டியது போல, மெல்லிய கோட்டு உருவங்கள். வேறெங்கும் நான் பார்க்காத அழகு.

அன்றிரவு கோசாரி சாப்பிட்டோம். சோறு, மக்ரோனி, பருப்பு, கொண்டைக்கடலை, மேலே மொறுமொறு வெங்காயம், தக்காளிச் சாறு, பூண்டு வினிகர். சைவம் சாப்பிடுபவர்களுக்கு வரம். டாக்சியில் போன பணத்தை ஈடுகட்ட மறுநாளும் அதேதான், அலுக்கவே இல்லை.

அப்புறம் கர்னாக் கோயில். 134 தூண்கள் கொண்ட மண்டபத்தில் எல்லோரும் செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். தயவுசெய்து இன்னும் உள்ளே போங்கள். கருவறையைச் சுற்றிய சுவர்களில் மூன்றாம் துட்மோஸின் படையெடுப்புக் குறிப்புகள் இருக்கின்றன. எதிரிகள் திரண்டிருந்த மெகிடோ என்ற கோட்டை நகருக்குப் போக மூன்று வழிகள். குறுகிய கணவாய் வேண்டாம், குதிரைக்குப் பின் குதிரையாகத்தான் போக முடியும் என்று தளபதிகள் தடுத்திருக்கிறார்கள். அவர் அதிலேயே போனார், எதிரிகள் சிதறி ஓடினார்கள். ஆனால் வீரர்கள் கொள்ளையில் இறங்கிவிட, கோட்டைக் கதவு மூடிக்கொண்டது. பிறகு ஏழு மாதம் முற்றுகை.

பக்கத்திலேயே ஹட்செப்சுட்டின் ஒற்றைக்கல் தூண், ஏறக்குறைய 30 மீட்டர், அஸ்வானின் இளஞ்சிவப்புக் கருங்கல். அதை மலையிலிருந்து வெட்டி எடுக்கவும் ஏழு மாதம் என்று அவரே அடியில் பொறித்து வைத்திருக்கிறார். மருமகன் இந்தத் தூணைச் சுற்றிச் சுவர் எழுப்பி மறைத்தார். அந்தச் சுவர்தான் கீழ்ப்பகுதி எழுத்துகளை வெயிலும் கைகளும் படாமல் காத்துக்கொடுத்திருக்கிறது. அக்காவுக்கு இதைச் சொன்னபோது, நம்பாமல் இரண்டு முறை தூணைச் சுற்றி வந்தாள்.

துட்மோஸ் இதைவிட உயரமாக, 32 மீட்டரில் ஒரு தூண் செய்வித்தார். அவர் பேரன் அதைக் கர்னாக்கில் நிறுத்தினார். அது இப்போது ரோம் நகரில் நிற்கிறது, ரோமானியர்கள் கொண்டுபோனது. கர்னாக்கில் இன்று நிற்பவற்றில் உயரமானது அத்தையின் தூண்தான். காவலர் வந்து கிளம்பச் சொல்லும்வரை அதன் நிழலிலேயே உட்கார்ந்திருந்தோம்.