பதினைந்தாம் பிரிவு

பிரெஞ்சுப் புரட்சி என்றதும் பலருக்கும் பாஸ்டில் கோட்டை நினைவுக்கு வரும், கில்லட்டின் நினைவுக்கு வரும். எனக்கு ஒரு வரவு செலவு அறிக்கை நினைவுக்கு வருகிறது. பிறர் எழுதிய கணக்குகளில் பச்சை மையால் குறியிட்டே தலை நரைத்தவனிடம் வேறு எதை எதிர்பார்ப்பது?

தணிக்கை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான், ஐரோப்பாவில் பழைய அதிகாரங்களைப் பகுத்தறிவால் கேள்வி கேட்ட 18ஆம் நூற்றாண்டின் அறிவொளிக் காலத்தை ஒழுங்காகப் படிக்க நேரம் கிடைத்தது. 1789 ஆகஸ்ட் 26 அன்று பிரான்சின் தேசிய சபை ஏற்றுக்கொண்ட மனித உரிமைப் பிரகடனத்தில் 17 பிரிவுகள் இருக்கின்றன. மனிதர்கள் சுதந்திரமாகவும் உரிமைகளில் சமமாகவும் பிறக்கிறார்கள் என்ற முதல் பிரிவைப் பள்ளிப் பாடப்புத்தகமே சொல்லிவிடும். பதினைந்தாம் பிரிவை யாரும் மேடையில் சொல்லி நான் கேட்டதில்லை. பொது அலுவலர் எவரிடமும் அவருடைய நிர்வாகத்துக்குக் கணக்குக் கேட்கும் உரிமை சமூகத்துக்கு உண்டு. அவ்வளவுதான், ஒரே வாக்கியம். அந்த நூற்றாண்டின் தத்துவவாதிகள் பேசிய பெரிய பெரிய விஷயங்களுக்குள், அரசாங்கத்தின் உள்ளே புகுந்து இன்றுவரை ஓயாமல் வேலை செய்துகொண்டிருப்பது இந்த வாக்கியம்தான் என்பது என் கட்சி.

அதற்கு முன் நிலைமை என்ன? அரசனின் கஜானா அரசனின் சொந்த விஷயம். வரி கொடுப்பவன் கொடுக்க வேண்டும். எங்கே போயிற்று என்று கேட்பது அவன் வேலை அல்ல. கணக்கைக் கடவுளிடம் மட்டும் ஒப்படைத்தால் போதும் என்று நினைத்த அரசர்கள்தான் ஐரோப்பாவில் பெரும்பாலும் இருந்தார்கள். இந்த நினைப்பை அசைத்தவர்களில் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் முக்கியமானவர். ஆட்சி என்பது மக்கள் நம்பி ஒப்படைத்த பொறுப்பு, அவர்களுடைய சம்மதமில்லாமல் சொத்தில் கைவைக்கக் கூடாது என்று 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதினார். அதாவது மன்னர் சொத்துக்குச் சொந்தக்காரர் அல்ல, அறங்காவலர். அறங்காவலர் என்று வந்துவிட்டால் பின்னாலேயே தணிக்கையாளனும் வந்துவிடுவான்.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் மாண்டெஸ்க்யூ இன்னும் ஒரு படி போனார். 1748இல் வெளிவந்த ‘சட்டங்களின் உட்பொருள்’ நூலில் அதிகாரத்தை மூன்றாகப் பிரிப்பதைப் பற்றி அவர் எழுதியது எல்லோருக்கும் தெரியும். அதே அத்தியாயத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. சட்டமன்றம் அரசாங்கத்துக்கு வரிப்பணத்தை ஆண்டுக்கு ஆண்டு அனுமதிக்காமல் ஒரேயடியாக நிரந்தரமாகத் தூக்கிக் கொடுத்துவிட்டால், தன் சுதந்திரத்தையே இழக்க நேரிடும் என்கிறார். இதைப் படித்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ஆண்டுதோறும் மார்ச் வந்தால் எங்கள் உயிரை வாங்கிய அந்த வருடாந்தர நிதி ஒதுக்கீட்டுச் சடங்குக்கு இப்படி ஒரு தத்துவ வேர் இருப்பதை எந்த மேலதிகாரியும் எங்களுக்குச் சொன்னதில்லை.

இன்னொரு தத்துவவாதியான ரூசோ வேறு மாதிரி. ‘சமூக ஒப்பந்த’த்தில், பணத்தைக் கொடுங்கள், சீக்கிரமே விலங்குகள் வந்து சேரும் என்று எழுதியவர் அவர். நிதி என்ற பேச்சே அவருக்கு அடிமைத்தனத்தின் வாடை. இத்தனைக்கும் அவரே சில காலம் ஒரு நிதி அதிகாரியிடம் காசாளராக உட்கார்ந்து, பணப்பெட்டியைக் காவல் காக்கும் கவலையில் உடம்பு கெட்டு, வேலையை உதறிவிட்டு இசைக்குறிப்புகளைப் பிரதியெடுத்துப் பிழைக்கப் போனவர். மக்கள் எல்லோருக்கும் பொதுவான நன்மையை நாடும் விருப்பமே சட்டமாக வேண்டும் என்ற அவருடைய பொது விருப்பம் என்ற கருத்து புரட்சிக்காரர்களைப் பித்துப்பிடிக்க வைத்தது உண்மை. ஆனால் பொது விருப்பத்துக்கு ரசீது கிடையாது. எனக்கு அவர்மேல் பெரிய பிடிப்பு ஏற்படாததற்கு அதுதான் காரணம்.

இந்தக் கருத்துகளை முதலில் சட்டமாக்கிப் பார்த்த நாடுகளில் ஸ்வீடனை நாம் மறந்துவிடுகிறோம். அன்று ஸ்வீடனோடு இணைந்திருந்த பின்லாந்தைச் சேர்ந்த ஆன்டர்ஸ் கிடேனியஸ் என்ற பாதிரியாரின் முயற்சியால், 1766இல் அங்கே ஓர் அச்சுச் சுதந்திரச் சட்டம் வந்தது. அச்சிடுவதற்கு முன்பே எழுத்தைச் சோதித்துத் தடுக்கும் முறையைப் பெரும்பாலும் ஒழித்ததோடு, அரசு ஆவணங்களைக் குடிமக்கள் பார்க்கலாம், நகலெடுக்கலாம், அச்சிடலாம் என்றும் அது சொன்னது. உலகில் அப்படிச் சொன்ன முதல் சட்டம் அதுதான். அதே ஆண்டு, நாணயக் கொள்கையை விமரிசித்து எழுதியதற்காகக் கிடேனியஸையே நாடாளுமன்றத்திலிருந்து வெளியேற்றினார்கள்! 1772இல் மன்னர் மூன்றாம் குஸ்தாவ் ஆட்சியைத் தன் கைக்குள் கொண்டுவந்ததும் அந்தச் சட்டமும் சுருங்கிப்போனது.

இனி என் விருப்பத்துக்குரிய அறிக்கைக்கு வருகிறேன்.

1781 பிப்ரவரி. பிரான்சின் நிதிப் பொறுப்பில் இருந்தவர் ஜெனீவாக்காரரான வங்கியாளர் ஜாக் நெக்கர். புராட்டஸ்டன்ட் என்பதால் அந்தப் பதவிக்குரிய முழுப் பட்டம்கூட அவருக்கு வழங்கப்படவில்லை. அவர் மன்னர் பதினாறாம் லூயியின் அனுமதியோடு, அரசு அச்சகத்திலேயே, நீல அட்டை போட்டு ஒரு புத்தகம் வெளியிட்டார். ‘மன்னருக்குச் சமர்ப்பித்த கணக்கு’ என்பது அதன் பெயர். நாட்டின் வருமானம் எவ்வளவு, அரண்மனைக்கு எவ்வளவு, யார் யாருக்கோ போகும் ஓய்வூதியங்களுக்கு எவ்வளவு என்று எல்லாம் அதில் இருந்தது. ஆயிரக்கணக்கில் விற்றுத் தீர்ந்தது. வரவு செலவுப் பட்டியலை மக்கள் வரிசையில் நின்று வாங்கிப் படித்தார்கள் என்பதை என்னோடு வேலை பார்த்தவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள்.

அறிக்கையின் முடிவு, அன்றைய பிரெஞ்சு நாணயத்தில் 1 கோடி லிவ்ரேக்குச் சற்று மேல் உபரி. அன்று பிரான்ஸ் அமெரிக்க விடுதலைப் போருக்குக் கடன் வாங்கிக் கொட்டிக்கொண்டிருந்தது. பிறகு உபரி எப்படி? நெக்கர் காட்டியது வழக்கமான வரவையும் வழக்கமான செலவையும் மட்டும். போர்ச் செலவு அசாதாரணச் செலவு என்பதால் அது கணக்கிலேயே ஏறவில்லை. நான் பணியில் சேர்ந்த புதிதில் என் மேலாளர் அடிக்கடி சொல்வார்: “கூட்டல் சரியாக இருக்கிறதே என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள் தம்பி. எது பட்டியலுக்குள் வரவே இல்லை என்று பாருங்கள்.” நெக்கரின் கூட்டலில் தவறு இல்லை. இந்த வித்தையை இன்றும் செய்கிறார்கள், தலைப்பை மட்டும் மாற்றிக்கொள்கிறார்கள்.

ஆனாலும் நெக்கரை நான் வெறும் ஏமாற்றுக்காரர் என்று தள்ளிவிட மாட்டேன். அவருடைய எண்கள் எப்படியிருந்தாலும், அவற்றை அச்சில் போட்டதே பெரிய காரியம். வெளியுறவு அமைச்சர் வெர்ஜென் இதைப் புரிந்துகொண்டார். கணக்கைப் பகிரங்கப்படுத்துவது இங்கிலாந்தின் பழக்கம், நம் முடியாட்சிக்கு ஆகாது என்று மன்னரிடம் முறையிட்டார். மே மாதமே நெக்கர் பதவி விலகினார். ஆனால் புத்தகம் வீடுகளுக்குள் போய்விட்டது. எண்களைப் பார்த்துவிட்ட மக்களிடம் இனி எண்களைப் பற்றிப் பேசாதீர்கள் என்று யார் சொல்ல முடியும்?

1787இல் கலோன் என்ற நிதியமைச்சர் பிரமுகர்கள் சபையைக் கூட்டிப் பெரும் பற்றாக்குறை இருப்பதாகச் சொன்னார். அப்படியானால் அந்த உபரி எங்கே என்று கேள்வி எழுந்தது. நெக்கர் தன் கணக்கே சரி என்றார், கலோன் அது பொய் என்றார். இரண்டு நிதியமைச்சர்கள் ஊரறியச் சண்டை போட்டுக்கொண்டதில் இரண்டு பேருடைய கணக்கும் சந்தேகத்துக்கு உள்ளானது. 1788ஆம் ஆண்டுக் கணக்கு வந்தபோது, வரவு ஏறத்தாழ 50.3 கோடி, செலவு 62.9 கோடி. செலவில் 31.8 கோடி, அதாவது பாதிக்கும் மேல், பழைய கடனுக்கே போனது. அரண்மனைச் செலவு நூற்றில் ஆறு பங்குதான். ராணியின் நகைகள்தான் பிரான்சைக் கவிழ்த்தன என்பவர்களுக்கு இந்த எண்ணைக் காட்ட வேண்டும்.

விளைச்சல் பொய்த்தது, ரொட்டி விலை ஏறியது, இவையெல்லாம் சேர்ந்துதான் புரட்சி, நான் மறுக்கவில்லை. ஆனால் மதகுருமார், பிரபுக்கள், பொதுமக்கள் என்ற மூன்று பிரிவினரின் பிரதிநிதிகளைக் கொண்ட, 1614க்குப் பிறகு கூடாத எஸ்டேட்ஸ் ஜெனரல் சபை 1789 மே 5 அன்று கூடியதற்குக் காரணம் காலிக் கஜானா. ஜூன் 17 அன்று மூன்றாம் பிரிவினரான பொதுமக்களின் பிரதிநிதிகள் தங்களைத் தேசிய சபை என்று அறிவித்துக்கொண்டார்கள். அன்றே அவர்கள் செய்த இன்னொரு காரியத்தைப் பாருங்கள்: மக்களின் சம்மதமில்லாத இப்போதைய வரிகள் எல்லாம் சட்டவிரோதம், ஆனாலும் இந்தச் சபை கலையாமல் இருக்கும்வரை தற்காலிகமாக வசூலிக்கலாம் என்று தீர்மானித்தார்கள். சபையைக் கலைத்தால் வரி நின்றுவிடும். மாண்டெஸ்க்யூ தாளில் எழுதிய எச்சரிக்கையை இவர்கள் மன்னரின் கழுத்தில் கத்தியாக வைத்தார்கள். இதில் இருக்கிற சாமர்த்தியத்தை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் ரசிப்பேன். மீண்டும் பொறுப்புக்கு வந்திருந்த நெக்கரை ஜூலை 11 அன்று மன்னர் நீக்கியபோது, மறுநாள் பாரிஸ் தெருக்களில் அவருடைய மெழுகுச் சிலையைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். ஒரு கணக்குப்பிள்ளைக்காக! இரண்டு நாளில் பாஸ்டில் விழுந்தது.

அமெரிக்காவில் இதே கதை வேறு வரிசையில் நடந்தது. அங்கே பிரதிநிதித்துவம் இல்லாத வரி என்ற புகார்தான் பிரிட்டன் 1765இல் கொண்டுவந்த முத்திரை வரிச் சட்டத்திலிருந்து விடுதலைப் போர் வரை இழுத்துக்கொண்டு போனது. 1787இல் பிலடெல்பியாவில் அரசியலமைப்பை எழுதியவர்கள், சட்டம் இல்லாமல் கருவூலத்திலிருந்து ஒரு காசு எடுக்கக் கூடாது என்று எழுதினார்கள். பொதுப்பணத்தின் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்றார் ஜார்ஜ் மேசன். மேடிசன் அதை ‘அவ்வப்போது’ என்று தளர்த்தினார். தள்ளிப்போட இடம் கொடுக்கும் ஒரு சொல் உள்ளே நுழைவதை நான் எத்தனையோ கோப்புகளில் பார்த்திருக்கிறேன். மேசன் பக்கம்தான் நான். அதே ஆவணத்தில், பிரதிநிதிகளின் எண்ணிக்கைக்கும் நேரடி வரிக்கும் மக்கள்தொகையைக் கணக்கிடும்போது அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எடுத்துக்கொள்வது என்றும் எழுதி வைத்தார்கள். சம்மதத்தைப் பற்றி அவ்வளவு எழுதிய லாக்கும் அடிமை வணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்க நிறுவனத்தில் பங்கு வைத்திருந்தவர்தான்.

பிரான்சில் கணக்குக் கேட்பது எவ்வளவு தூரம் போகும் என்பதை லவாய்சியர் பார்த்தார். வேதியியல் மேதையான அவர், மன்னருக்கு முன்பணம் கொடுத்துவிட்டு மக்களிடம் வரி வசூலித்த தனியார் குழுவின் உறுப்பினருமாவார். 1793 நவம்பரில் அந்தக் குழுவினரைப் பிடித்துக் காவலில் வைத்து, உங்கள் கணக்கை முடித்துக் கொடுங்கள் என்றார்கள். முடித்துக் கொடுத்தார்கள். 1794 மே 8 அன்று அவரோடு சேர்த்து 28 பேரின் தலை போனது. தணிக்கை அறிக்கைக்குப் பதில் எழுதக்கூட நேரம் தராத தணிக்கை அது. நெக்கருக்கு முன்பே, 1775இல், வரி நிர்வாகத்தின் இருட்டைக் கண்டித்து மன்னருக்குத் துணிந்து எழுதிய மால்செர்ப் என்ற நீதிபதியும் 1794 ஏப்ரலில் கில்லட்டினுக்குத்தான் போனார். அவர் செய்த குற்றம் மன்னர் பதினாறாம் லூயிக்காக வழக்காடியது.

பிறகு நெப்போலியன் 1807இல் தணிக்கை நீதிமன்றம் ஒன்றை அமைத்தார். ஆனால் அதன் ஆண்டறிக்கை அவருக்கு மட்டும். அது மக்கள் பிரதிநிதிகளின் கைக்கு வர 1832 ஆகிவிட்டது.

கணக்குக் கேட்கும் உரிமை உண்டு என்று பதினைந்தாம் பிரிவு சொன்ன அந்தச் சமூகத்தில் யார் யார் சேர்த்தி? இதை உடனே கேட்டவர் ஒலிம்ப் த கூஜ் என்ற பெண் எழுத்தாளர். 1791இல் அவர் எழுதிய பெண்ணுரிமைப் பிரகடனம் ஆண்களுடைய பிரகடனத்தைப் பிரிவுக்குப் பிரிவு பின்தொடர்கிறது. அதன் பதினைந்தாம் பிரிவில், ஆண்களோடு சேர்ந்து வரி கொடுக்கும் பெண்களுக்கும் பொது அலுவலரிடம் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு என்கிறார். வரி கொடுத்தேன், கணக்கைக் காட்டு! இதற்கு யாரால் மறுப்பு எழுத முடியும்? யாரும் எழுதவில்லை. 1793 நவம்பரில் அவரையும் கொன்றார்கள். பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது 1944இல்.

கரீபியன் கடலில் பிரான்சின் காலனியாக இருந்த ஹைட்டியின் கணக்கை மட்டும் என்னால் அமைதியாகப் படிக்க முடிவதில்லை. பாரிஸின் பிரகடனத்தைத் தங்களுக்கும் உரியதாக எடுத்துக்கொண்டு அடிமைகள் எழுந்தார்கள், நெப்போலியனின் படையை முறியடித்தார்கள், 1804 ஜனவரி 1 அன்று விடுதலையை அறிவித்தார்கள். 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, தோட்ட முதலாளிகள் இழந்த சொத்துக்கு 15 கோடி பிராங்க் இழப்பீடு கேட்டது. அந்தச் சொத்தில் அடிமைகளாக இருந்த மனிதர்களின் விலையும் அடக்கம். பாரிஸில் ஓர் ஆணையம் அமர்ந்து, தோட்டம் தோட்டமாகக் கோரிக்கைகளைச் சரிபார்த்து, யாருக்கு எவ்வளவு என்று பல தொகுதிகளாக அச்சிட்டும் வெளியிட்டது. வடிவத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாத, பகிரங்கமான கணக்கு. 1838இல் தொகையை 9 கோடியாகக் குறைத்தார்கள். அதைக் கட்டுவதற்காக வாங்கிய கடன்களின் சுமை 1947 வரை அந்த நாட்டை விடவில்லை.