சும்மாச் சிரட்டை

ஜூலை 1
ஒன்பதாம் வகுப்பில் இன்று செய்முறையைக் கரும்பலகையில் எழுதிப் போடவில்லை. கேள்வியும் உங்களுடையது, அதற்கான சோதனையை வகுப்பதும் உங்கள் பாடு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். வெகுநேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு இரட்டைச் சடைக்காரி எழுந்து, "சாணித் தண்ணி ஊத்துனா பாசிப்பயறு நல்லா வருமா டீச்சர்?" என்றாள். 'நல்லா' என்றால் என்ன? சீக்கிரம் முளைப்பதா, நிறைய முளைப்பதா, தண்டு உயர்வதா? மணி அடிக்கும்வரை அந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்டினோம். மூன்றாம் நாள் காலையில் வேர் வெளியே தெரிகிற விதைகளை எண்ணுவது என்று கடைசியில் முடிவாயிற்று.

பக்கத்து மலையாள வகுப்பில் இதற்குப் பேர் 'பரீக்ஷணம்', எங்கள் புத்தகத்தில் 'சோதனை'. அம்மாவின் வாயில் சோதனை என்றால் கடவுள் தருவது.

ஜூலை 3
அம்மா உறங்கவில்லை. இது ஒன்பதாவது இரவு.

ஜூலை 4
பன்னிரண்டு தேங்காய்ச் சிரட்டைகள், ஒவ்வொன்றிலும் நனைத்த பஞ்சின்மேல் பத்துப் பயறு. ஆறுக்குச் சாணிக் கரைசல், ஆறுக்கு வெறும் தண்ணீர். வெறும் தண்ணீரில் முளைக்கும் என்றுதான் எல்லாருக்கும் தெரியுமே, அதற்கு எதற்கு ஆறு சிரட்டையை வீணாக்க வேண்டும் என்று கடைசிப் பெஞ்சுப் பையன் கேட்டான். சாணியில் நாற்பது முளைத்தால் அது அதிகமா குறைவா என்று எதை வைத்துச் சொல்வாய் என்றேன். சற்று நேரம் யோசித்தவன், அந்த ஆறுக்கும் 'சும்மாச் சிரட்டை' என்று பெயர் வைத்தான். புத்தகத்தின் 'கட்டுப்பாட்டு அமைப்பு' என்னும் சொல்லை இனி யார் எடுக்கப் போகிறார்கள்?

பொள்ளாச்சி டாக்டர் இன்று மாத்திரையை மாற்றினார். நான்கு மணிக் காப்பியை நான் நிறுத்தினேன். அண்ணன் கட்டிலைப் பின்னறையிலிருந்து முன்னறைக்குக் கொண்டுவந்து போட்டான். மூன்றும் ஒரே நாளில்.

ஜூலை 5
அம்மா ஐந்து மணி நேரம் உறங்கினாள்.

ஜூலை 7
சும்மாச் சிரட்டைகளில் அறுபதுக்கு ஐம்பத்திரண்டு, சாணிச் சிரட்டைகளில் முப்பத்தொன்று. சாணி விஷம் என்று வகுப்பு தீர்ப்பெழுதத் தயாராகிவிட்டது. நான் எதுவும் சொல்லாமல் சிரட்டைகளை வைத்த இடத்திலேயே போய்ப் பார்க்கச் சொன்னேன். நாற்றம் தாங்காமல் சாணிச் சிரட்டைகள் ஆறையும் ஜன்னல் திட்டில் வைத்திருந்தார்கள். மற்றவை அலமாரிக்குள் இருந்தன. ஆடி பிறக்குமுன்பே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் கேரள எல்லையூர் கொழிஞ்சாம்பாறையை அடித்துத் துவைக்கிறது. திட்டிலிருந்த பஞ்சு ஓரங்களில் அப்பளம் போல விறைத்திருந்தது; முளைக்காத பயறுகளின் தோல் சுருங்கிக் கிடந்தது. இரட்டைச் சடைக்காரி ஒவ்வொரு சிரட்டையிலும் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "இது சாணிக்காகவா, காத்துக்காகவா டீச்சர்?" என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை அவர்கள் சிரட்டைகளை அங்கே வைத்ததை நான் கவனிக்கவேயில்லை. அண்ணனோடு போனில் இருந்தேன்.

ஜூலை 8
மறுபடி வைத்தோம். எந்தச் சிரட்டை எந்த இடத்துக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தார்கள். தண்ணீரோ கரைசலோ, ஊசி போடாத சிரிஞ்சால் இருபது மில்லி, எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. சாணி ஜெயிக்க வேண்டும் என்று நினைப்பவன் எண்ணினால் முளைக்காததும் முளைத்ததாகத் தெரியும் என்பதால், சமாச்சாரம் தெரியாத எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை விட்டு எண்ணலாம் என்று ஒரு யோசனை வந்தது. என்னிடமிருந்து வந்ததன்று. சாஸ்திரோற்சவம் என்னும் பள்ளி அறிவியல் விழாவுக்குப் பல்பு மின்னும் மாடல் ஒன்று வேண்டும் என்று மேலிருந்து நச்சரிப்பு, சிரட்டை மின்னாது.

ஜூலை 9
ஜேம்ஸ் லிண்டின் கதையைச் சொன்னேன். 1747இல் சாலிஸ்பரி என்னும் கப்பலில் ஈறு வீங்கி ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் கண்ட பன்னிரண்டு மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, எல்லாருக்கும் ஒரே இடம், ஒரே சாப்பாடு என்று வைத்துக்கொண்டு, ஒரு ஜோடிக்குக் காடி, ஒரு ஜோடிக்குக் கடல் நீர் என்று ஜோடிக்கு ஒன்றாகக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரே விரைவாகத் தேறினார்கள். பழம் ஆறு நாளில் தீர்ந்துபோயிற்று. பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றைப் பொது வழக்கமாக்க 1795 ஆயிற்று. கடைசிப் பெஞ்சு கேட்டது: "அதுல சும்மா ஜோடி எது டீச்சர்?" ஆறு ஜோடிக்கும் ஏதோ ஒன்று கொடுக்கப்பட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

வீட்டில் அண்ணன் மாத்திரை என்கிறான், பக்கத்து வீட்டு அத்தை தான் பூசிவிட்ட திருநீறு என்கிறாள், நான் காப்பி என்கிறேன். ஒரே ஒரு சாயங்காலம் காப்பியைக் கொடுத்துப் பார்த்தால் போதும், என் கட்சி நிற்குமா விழுமா என்று தெரிந்துவிடும். "ஒரு வாய் காப்பி குடுடி" என்று அம்மாவே கேட்டாள். பால் அடுப்பில்தான் இருந்தது.

ஜூலை 10
கொடுக்கவில்லை.

ஜூலை 11
எட்டாம் வகுப்பு எண்ணியது: சும்மா ஐம்பத்துநான்கு, சாணி ஐம்பத்தொன்று. மூன்று குறைவு, ஆகவே சாணி கெடுதல் என்றான் ஒருவன். சும்மாச் சிரட்டைகளை மட்டும் தனியே பார்க்கச் சொன்னேன்: ஒன்றில் பத்தும் முளைத்திருந்தன, இன்னொன்றில் ஏழுதான். ஒரே தண்ணீருக்குள்ளேயே மூன்று ஏறி இறங்குகிறது. வகுப்புக்கு ஏமாற்றம், ஒருத்தி மட்டும், இன்னும் நாலு தடவை செய்து பார்க்கலாமா என்று கேட்டாள்.

ஜூலை 13
நேற்று இரவு அம்மா மறுபடி உறங்கவில்லை. மாத்திரை அதேதான், கட்டில் அதே இடத்தில், காப்பி இல்லை, திருநீறும் உண்டு. விடியும்வரை முன்னறைக் கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது. முந்தின இரவுகளில் காற்று எப்படி இருந்தது என்று இந்தக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஓரிடத்திலும் எழுதி வைக்கவில்லை.